விக்கிமீடியா காமன்ஸ்: எடுக்கப் போனால் எப்படி, கொடுக்கப் போனால் எப்படி

விக்கிப்பீடியாவில் ஒரு படத்தைச் சொடுக்கி, அது பெரிதானதும் "மேலும் விவரம்" என்று இன்னொரு முறை சொடுக்கினால் வேறொரு தளத்தில் போய் நிற்போம் இல்லையா, அதுதான் விக்கிமீடியா காமன்ஸ். தமிழ் இடைமுகத்தில் விக்கிமீடியா பொதுவகம் என்று பெயர் போட்டிருக்கும். பெரும்பாலானவர்கள் அங்கே எட்டிப் பார்த்ததோடு திரும்பி வந்துவிடுகிறார்கள். 2004 செப்டம்பர் 7 அன்று தொடங்கிய தளம், இன்றைக்கு 10 கோடிக்கும் மேலான படங்கள், ஒலிப்பதிவுகள், காணொளிகள், வரைபடங்கள் உள்ளே இருக்கின்றன, விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்காமலேயே முழு அளவுப் படத்தை இறக்கிக்கொள்ளலாம், யாரும் பணம் கேட்க மாட்டார்கள். இவ்வளவும் இருந்தும் "அந்தத் தளமே புரியவில்லை", "நான் போட்ட படத்தைத் தூக்கிவிட்டார்கள்" என்ற புலம்பல்தான் அதிகம் காதில் விழுகிறது. அதனால்தான் இந்த விமர்சனம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடுக்கப் போகிறவருக்கு இது நல்ல இடம், ஆனால் தேடுவதற்குப் பொறுமை வேண்டும். கொடுக்கப் போகிறவருக்கு இது கறாரான இடம், கோபம்கூட வரலாம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: இலவசமாகப் படம் கிடைக்கும் கடை என்று நினைத்துக்கொண்டு போகிறோம், அவர்களோ பலருக்குச் சொந்தமான ஒரு பொதுச்சொத்தைக் காவல் காக்கிறார்கள். இதைப் புரிந்துகொண்டால் பாதி எரிச்சல் போய்விடும். மீதிப் பாதி நியாயமான எரிச்சல், அதையும் சொல்கிறேன்.

இப்படி ஒரு தளம் எதற்கு? ஆரம்பத்தில் ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவும் தனித்தனியாகப் படம் ஏற்றிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் ஒருவர் ஏற்றிய யானைப் படம் ஜெர்மன் கட்டுரைக்கு வேண்டுமென்றால் அங்கே போய் மறுபடி ஏற்ற வேண்டும். விக்கிப்பீடியாவில் பங்களித்துவந்த எரிக் மோல்லர் 2004-ல் இதற்கென ஒரு பொது இருப்பிடம் வேண்டும் என்று யோசனை சொன்னார். இப்போது அங்கே ஒரு கோப்பு இருந்தால் போதும், எந்த மொழி விக்கியிலும் கோப்பின் பெயரை எழுதினாலே படம் வந்துவிடும். அந்த வசதிக்கு விலையாக ஒரு நிபந்தனையும் கூடவே வந்தது: எல்லோரும் எடுத்துப் பயன்படுத்த வேண்டுமானால், எல்லோரும் எதற்கும் பயன்படுத்தக்கூடியதாக அந்தப் படம் இருக்க வேண்டும்.

பெயரைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும், ஏனென்றால் இந்தத் தளத்தின் குணம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. காமன்ஸ் என்ற பெயர்ச்சொல்லை ஆங்கிலம் பேசுகிறவர்கள் பல விதமாகப் புழங்குகிறார்கள். பழைய பொருள் நிலம் சார்ந்தது. ஊரார் ஆடு மாடு மேய்க்க, விறகு பொறுக்க உரிமை உள்ள நிலம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: இங்கிலாந்தில் அந்த நிலங்கள் பெரும்பாலும் ஆளில்லாத நிலம் அல்ல, பண்ணையார் ஒருவர் உரிமையாளராக இருப்பார், ஊராருக்கு இருந்தது பயன்படுத்தும் உரிமை மட்டும். யார் எத்தனை மாடு விடலாம், எந்த மாதத்தில் விடலாம் என்றெல்லாம் கணக்கு இருந்தது. பிறகு 1604-க்கும் 1914-க்கும் இடையில் நாடாளுமன்றம் 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டு அவற்றில் பெரும்பகுதியை வேலியடைத்துத் தனியாருடையதாக்கியது.

அடுத்தது பிரிட்டனிலும் கனடாவிலும் உள்ள ஹவுஸ் ஆஃப் காமன்ஸ். இது மேய்ச்சல் நிலத்திலிருந்து வந்த பொருள் அல்ல, பிரபுக்கள் அல்லாத மக்கள், ஊர்ச் சமூகங்கள் என்ற பொருளில் வந்தது. அப்புறம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் உணவு, அந்த உணவுக் கூடம். அமெரிக்கக் கல்லூரிகளில் இன்றும் சாப்பாட்டுக் கூடத்துக்கு இந்தப் பெயர் உண்டு. ஷார்ட் காமன்ஸ் என்றால் அரைவயிற்றுச் சாப்பாடு. வடிவத்தில் பன்மையாக இருந்தாலும் ஒருமையாகவே "ஒரு காமன்ஸ்" என்று சொல்வார்கள், ஆனால் 1634-ல் உருவான பாஸ்டன் நகரத்துப் பூங்காவுக்கு மட்டும் கடைசி எழுத்து இல்லாமல் பாஸ்டன் காமன் என்றே பெயர், அதையும் காமன்ஸ் என்று சொல்லிவிட்டால் அந்த ஊர்க்காரர்கள் உடனே திருத்துவார்கள்.

இன்றைக்கு அதிகம் அடிபடுவது பகிர்ந்துகொள்ளும் வளம் என்ற பொருள்தான். காற்று, கடல், மென்பொருள், அறிவு எல்லாவற்றையும் இந்தச் சொல்லுக்குள் இழுத்துவிடுகிறார்கள். 1968-ல் அமெரிக்கச் சூழலியலாளர் கரெட் ஹார்டின் எழுதிய கட்டுரை ஒன்று, பொதுவாக விட்டால் ஆளாளுக்கு மேய்த்து நிலம் பாழாகும் என்று வாதாடியது. அமெரிக்க அரசியல் அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரோம் பல நாட்டுப் பாசனங்களையும் காடுகளையும் மீன்பிடி இடங்களையும் ஆராய்ந்து, அப்படி ஒன்றும் கட்டாயம் இல்லை, பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்து, கண்காணித்து, மீறினால் படிப்படியாகத் தண்டித்து நூற்றாண்டுக் கணக்கில் காப்பாற்றி வந்திருக்கிறார்கள் என்று காட்டினார். 2009-ல் பொருளாதார நோபல் கிடைத்தது, அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். எல்லை, விதி, காவல் இந்த மூன்றும் இருந்தால்தான் அது காமன்ஸ். இவை இல்லாவிட்டால் திறந்து கிடக்கும் காலியிடம். விக்கிமீடியா காமன்ஸின் ஒவ்வொரு கெடுபிடியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

சரி, எடுக்கிறவர் பக்கம் வருவோம்.

தேடல்தான் முதல் தடை. தேடுபெட்டி முன்பைவிட நன்றாகிவிட்டது, படங்கள் வரிசையாக வருகின்றன, உரிமம், அளவு, கோப்பு வகை என்று வடிகட்டலாம். ஆனாலும் பொதுவான சொல்லைப் போட்டால் நல்ல ஒளிப்படத்துக்கு நடுவில் நூறாண்டுக்கு முந்தைய புத்தகப் பக்கத்தின் ஸ்கேன், மங்கலான கைப்பேசிப் படம், யாரோ எங்கோ எடுத்த பெயர்ப்பலகை எல்லாம் கலந்து வரும். தேடலை விட்டுவிட்டுப் பகுப்புகள் (பொருள்வாரியாகப் பிரித்த தொகுப்புகள்) வழியாகப் போவதுதான் பழகியவர்கள் செய்வது. ஒரு நல்ல படத்தைப் பிடித்துவிடுங்கள், பக்கத்தின் அடியில் அது சேர்ந்திருக்கும் பகுப்புகள் இருக்கும், அதற்குள் போனால் அதே பொருளில் இன்னும் நிறைய இருக்கும். இதில் என்ன சிக்கல் என்றால் பகுப்புப் பெயர்கள் ஆங்கிலத்தில்தான், உயிரினங்களுக்கோ லத்தீனில். ஆசிய யானை வேண்டுமென்றால் எலிபஸ் மேக்சிமஸ் என்று தெரிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளை இதை எப்படிக் கண்டுபிடிக்கும்? இது உண்மையான குறை.

இதற்கு மருந்தாக 2019-ல் கொண்டுவந்தது, படத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தனிப் புலமாகப் பதிவு செய்யும் ஏற்பாடு. அது விக்கித்தரவோடு, அதாவது விக்கிமீடியாவின் பன்மொழித் தரவுத்தளத்தோடு இணைந்தது, எனவே அங்கே யானை என்ற தமிழ்ப்பெயர் பதிவாகியிருந்தால் தமிழில் தேடினாலும் படம் கிடைக்க வழி இருக்கிறது. யாராவது அந்தப் புலத்தை நிரப்பியிருக்க வேண்டும், அதுதான் பிரச்சினை. 10 கோடிக்கு மேல் இருக்கிற கோப்புகளுக்கு அதை யார் உட்கார்ந்து நிரப்புவது? படக்குறிப்பைத் தமிழில் சேர்ப்பது ஒரு நிமிட வேலை, புதிதாக உதவ நினைக்கிறவர் அங்கிருந்தே தொடங்கலாம்.

தரம் விஷயத்தில் எனக்கு இந்தத் தளம் பிடித்திருக்கிறது. சிறப்புப் படம், தரமான படம் என்று பயனர்களே வாக்களித்தும் பரிசோதித்தும் முத்திரை குத்தியவை தனியாக இருக்கின்றன, 2006 முதல் ஆண்டின் சிறந்த படத்துக்குத் தேர்தலும் நடக்கிறது. அந்த முத்திரை உள்ளவற்றை மட்டும் பார்த்தால் இது வேறு தளமோ என்று சந்தேகம் வரும், அப்படிப் பளிச்சென்று இருக்கும். பூச்சிக் கண்ணின் நெருக்கப் படம், விண்மீன் கூட்டம், தேவாலயத்தின் உட்கூரை, எல்லாம் அச்சுக்கு அனுப்பும் அளவில். அருங்காட்சியகங்கள் திறந்துவிட்டதும் பெரிய காரணம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் பொதுக்களத்தில் உள்ள, அதாவது யாருக்கும் பதிப்புரிமை இல்லாத தன் சேகரிப்பின் 3,75,000 படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் வெளியிட்டது. ஜெர்மனியின் தேசிய ஆவணக் காப்பகம் 2008-ல் சுமார் 80,000 வரலாற்றுப் படங்களைக் கொடுத்தது, படங்கள் அளவில் சிறியவைதான், ஆனால் கொடுத்ததற்குக் கைமேல் பலன் கிடைத்தது: காமன்ஸ் பயனர்கள் படக்குறிப்புகளில் இருந்த பிழைகளைக் கண்டுபிடித்துப் பட்டியல் போட்டார்கள். இந்த மாதிரி விஷயம் வேறு எந்தப் படத்தளத்திலும் நடந்து நான் பார்க்கவில்லை.

"அன்ஸ்பிளாஷ், பிக்சாபே மாதிரி இலவசப் படத்தளங்கள் இருக்கும்போது இது எதற்கு" என்று கேட்பவர்கள் உண்டு. அலங்காரப் படம்தான் வேண்டும், காபிக் கோப்பையும் மடிக்கணினியும் மேசையும் போதும் என்றால் அங்கேயே போங்கள், தேடல் அங்கே சுலபம், படங்களும் பார்க்க அழகு. ஆனால் குறிப்பிட்ட ஒரு தவளை இனம், ஒரு பழைய இயந்திரத்தின் உட்பாகம், 19-ம் நூற்றாண்டு வரைபடம் என்று தேடினால் அங்கே கைவிரிப்பார்கள். இன்னொரு பெரிய வேறுபாடு உரிமத்தில். இரண்டு தளங்களுமே ஒரு காலத்தில் எந்த நிபந்தனையும் இல்லாத சிசி ஜீரோ உரிமத்தில்தான் படங்களைக் கொடுத்தன. அன்ஸ்பிளாஷ் 2017 ஜூனிலும் பிக்சாபே 2019 ஜனவரியிலும் அதை விட்டுவிட்டுச் சொந்த விதிகளுக்கு மாறின, பிறகு முதலாவதை 2021-ல் படம் விற்கும் நிறுவனமான கெட்டி இமேஜஸ் வாங்கியது, இரண்டாவது 2019-லேயே வடிவமைப்புத் தளமான கேன்வாவிடம் போய்விட்டது. தவறு என்று சொல்ல வரவில்லை, அவர்கள் தளம், அவர்கள் விதி. ஆனால் அது ஒருவருடைய தோட்டம், கதவு திறந்திருக்கும் வரை உள்ளே போகலாம், அவ்வளவுதான். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஒரு படம் வந்துவிட்டால் எடுத்தவரே மனம் மாறினாலும் ஏற்கெனவே கொடுத்த உரிமையைத் திரும்ப வாங்க முடியாது.

அந்த உரிமம் பற்றி இரண்டு வார்த்தை. கிரியேட்டிவ் காமன்ஸ் 2001-ல் தொடங்கிய தனி அமைப்பு, தன் படைப்பை மற்றவர்கள் பயன்படுத்த ஒருவர் அனுமதிப்பதற்கான பொது உரிமங்களை எழுதித் தருவது, அதன் முதல் உரிமங்கள் 2002 டிசம்பரில் வந்தன, விக்கிமீடியா காமன்ஸ் அதற்குப் பிறகு வந்தது, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா என்ற வேறு அமைப்பின் தளம். பெயர் ஒத்திருப்பதால் பலர் இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்கிறார்கள். கிரியேட்டிவ் காமன்ஸில் பல வகை உரிமங்கள் உண்டு, அதில் வணிகத்துக்குக் கூடாது என்பதையும் மாற்றக் கூடாது என்பதையும் விக்கிமீடியா காமன்ஸ் ஏற்காது. ஏற்பது, பெயர் போட்டால் போதும் என்பது, பெயர் போடுவதோடு மாற்றியதையும் அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்பது, சிசி ஜீரோ, பொதுக்களம், இன்னும் சில சுதந்திர உரிமங்கள்.

இங்கேதான் எடுக்கிறவர்கள் சறுக்குகிறார்கள். இலவசம் என்றதும் அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள், அல்லது கீழே "நன்றி: விக்கிப்பீடியா" என்று எழுதிவிடுகிறார்கள். விக்கிப்பீடியா அந்தப் படத்தை எடுக்கவில்லை! எடுத்தவர் பெயர், உரிமத்தின் பெயர், இரண்டுக்கும் இணைப்பு, மாற்றியிருந்தால் மாற்றியதாக ஒரு சொல், இவ்வளவு வேண்டும். இதை யோசித்து எழுதவும் தேவையில்லை, படப் பக்கத்தில் பதிவிறக்கும் பொத்தானை அழுத்தினால் பெயர் குறிப்பிடும் வரியைத் தளமே தயாராகக் கொடுக்கிறது, நகலெடுத்து ஒட்டினால் முடிந்தது. உரிமத்தின் 4.0 பதிப்பு 2013 நவம்பரில் வந்தது, அதில் ஒரு கருணை உண்டு: விதியை மீறியது தெரிந்து 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் உரிமை மீண்டும் வந்துவிடும். 2.0, 3.0 பதிப்புகளில் அது கிடையாது, பெயர் போடாத அந்த நொடியே உரிமை போய்விடும், இதை வைத்துக்கொண்டு பெயர் போடாதவர்களைத் தேடிப் பிடித்துப் பணம் கேட்டு வக்கீல் கடிதம் அனுப்புவதையே தொழிலாக வைத்திருக்கும் சிலரும் உலகத்தில் இருக்கிறார்கள். எனவே பழைய பதிப்பில் உள்ள படம் என்றால் இன்னும் கவனம்.

"அதே உரிமத்தில் பகிர்" என்பதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு: உங்கள் கட்டுரைக்கு நடுவில் படத்தை வைத்தால் கட்டுரையே அந்த உரிமத்துக்குப் போய்விடாது. படத்தை வெட்டி ஒட்டி வேறொன்றாக ஆக்கினால், அந்தப் புதுப் படத்துக்குத்தான் அது பொருந்தும்.

இன்னொன்று, பதிப்புரிமைச் சிக்கல் இல்லை என்றால் எந்தச் சிக்கலும் இல்லை என்று பொருள் அல்ல. படத்தில் ஒருவர் முகம் இருந்தால் அதை விளம்பரத்தில் போட அவர் சம்மதம் தனியாக வேண்டியிருக்கும். வெறும் எழுத்துகளால் ஆன நிறுவனச் சின்னம் அங்கே இருக்கும், பதிப்புரிமை பெறும் அளவுக்குப் படைப்பு இல்லை என்பதால், ஆனால் வணிகக்குறிச் சட்டம் அப்படியே நிற்கிறது. தளமும் எதற்கும் உத்தரவாதம் தருவதில்லை, அதைத் தெளிவாக எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

இனி கொடுக்கிறவர் பக்கம். இங்கேதான் கறார்.

ஏற்றும் படிவம் நன்றாகத்தான் இருக்கிறது, படிப்படியாகக் கேட்டுக்கொண்டே போகும். ஆண்ட்ராய்டு செயலியும் உண்டு, பக்கத்தில் படம் இல்லாத இடங்கள் எவை என்று காட்டும், நடைப்பயிற்சிக்கு ஒரு காரணம் கிடைத்த மாதிரி. இதெல்லாம் கடந்து "சொந்தப் படைப்பு" என்று ஒரு கட்டம் வரும் பாருங்கள், அதைத்தான் எல்லோரும் யோசிக்காமல் அமுக்குகிறார்கள். தாத்தாவின் பழைய படத்தை நான்தானே ஸ்கேன் செய்தேன்? ஸ்கேன் செய்தால் சொந்தமாகாது. என்னுடைய படம்தானே? உங்கள் முகம், ஆனால் உரிமை பொதுவாக எடுத்தவருக்கு. புத்தக அட்டையை நானே கைப்பேசியில் எடுத்தேன்? அட்டை வரைந்தவருடைய உரிமை அப்படியே இருக்கிறது. சுவரொட்டி, பொம்மை, பொட்டலத்தின் மேலுள்ள ஓவியம், மென்பொருளின் திரைப்பிடிப்பு எல்லாமே இந்தக் கணக்கில் வரும். ஆங்கில விக்கிப்பீடியாவில், பதிப்புரிமை இருந்தாலும் அளவோடு எடுத்தாளலாம் என்ற நியாயமான பயன்பாடு வாதத்தைச் சொல்லி ஒரு திரைப்படச் சுவரொட்டியை வைத்துக்கொள்ள முடியும், காமன்ஸில் அந்த வாதமே செல்லாது. சந்தேகம் பெரிதாக இருந்தால் நீக்கிவிடு என்பதுதான் அவர்கள் கொள்கை.

கட்டடமும் சிலையும் இன்னும் வேடிக்கை. தெருவில் நின்று எடுத்த படத்துக்கு என்ன தடை என்று தோன்றும். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. அமெரிக்காவில் கட்டடத்தைப் படமெடுத்துப் பகிரலாம், ஆனால் பதிப்புரிமை உள்ள சிலைக்கு அந்தச் சலுகை இல்லை. இந்தியச் சட்டத்தில் பொது இடத்தில் நிலையாக நிற்கும் கட்டடம், சிலை இரண்டுக்கும் சலுகை உண்டு, சுவரோவியத்துக்கு இல்லை. பிரான்ஸில் வணிகமல்லாத பயனுக்கு மட்டும் விலக்கு, அது காமன்ஸுக்குப் போதாது, அதனால் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பிரமிடை மட்டும் மையமாக வைத்து எடுத்த படத்தை அவர்கள் வைத்துக்கொள்வதில்லை. அதை வடிவமைத்த ஐ. எம். பெய் 2019-ல் இறந்தார், படைத்தவர் இறந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை என்ற கணக்குப்படி 2089 முடியும் வரை காத்திருக்க வேண்டும். முற்றத்தை முழுவதுமாக எடுக்கும்போது அது ஒரு ஓரமாக வந்தால் பரவாயில்லை. பிரஸ்ஸல்ஸின் புகழ்பெற்ற கட்டடமான அட்டோமியத்துக்கும் இதே கதிதான் இருந்தது, பெல்ஜியம் 2016-ல் சட்டத்தை மாற்றியதும் படங்கள் வரத் தொடங்கின. காமன்ஸ்காரர்கள் பிடிவாதக்காரர்கள் என்று திட்டுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். சட்டம் அப்படி இருக்கிறது, பொதுச்சொத்தில் வில்லங்கம் உள்ள ஒன்றைச் சேர்த்தால் நாளைக்கு அதை நம்பி எடுத்துப் புத்தகத்தில் அச்சடித்தவர்தான் மாட்டுவார்.

பிடிவாதம் மறுபக்கமும் வேலை செய்திருக்கிறது. இந்தோனேசியாவில் ஒரு ஒளிப்படக்காரரின் கேமராவில் குரங்கு ஒன்று தன்னையே படமெடுத்துக்கொண்டது. படம் என்னுடையது, நீக்குங்கள் என்று அவர் கேட்டபோது, எடுத்தது மனிதர் இல்லை, எனவே பதிப்புரிமை யாருக்கும் இல்லை என்று விக்கிமீடியா மறுத்துவிட்டது. 2014 டிசம்பரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமும் மனிதர் அல்லாதவை உருவாக்கியதைப் பதிவு செய்ய மாட்டோம் என்று தெளிவாக்கியது. சட்டப்படி சரி. அந்த ஒளிப்படக்காரர் காட்டில் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்னும் முழு ஒப்புதல் வரவில்லை.

நீக்கும் நடைமுறை வெளிப்படையானது, அது நல்லது. நீக்கப் பரிந்துரைத்தால் பக்கம் திறந்து பேசுவார்கள், வழக்கமாக ஏழு நாளாவது விட்டு ஒரு நிர்வாகி முடிவெடுப்பார், மாதக்கணக்கில் முடிவில்லாமல் கிடப்பவையும் உண்டு. அப்பட்டமான உரிமை மீறல் என்று தெரிந்தால் பேச்சே இல்லாமல் போய்விடும். மோசமானது, அவர்கள் பேசும் விதம். புதிதாக வந்தவருக்கு வரும் முதல் செய்தியே பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி அனுப்பும் வார்ப்புரு எச்சரிக்கை, அதில் கொள்கைப் பெயர்களின் சுருக்கெழுத்துகள் நிரம்பியிருக்கும், அதுவும் ஆங்கிலத்தில். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், அவர்களுக்கு நாள் முழுக்க இதே வேலை, அலுப்பு புரிகிறது. ஆனாலும் பத்து வருடமாகச் சேர்த்து வைத்த பறவைப் படங்களோடு ஆசையாக வருகிற ஒருவரைத் திருடனைப் போல விசாரித்தால் அவர் ஏன் மறுபடி வருவார்? விதியைக் காப்பாற்றுவது ஒரு வேலை என்றால், விதியை விளக்குவதும் வேலைதான். இதில் அவர்களுக்கு என்னிடம் மதிப்பெண் குறைவு.

மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி, கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பை முழு அளவில் அப்படியே ஏற்றுவது. சமூக ஊடகத்தில் போட்டுச் சுருங்கிய படத்தை மறுபடி எடுத்து ஏற்றினால் எங்கிருந்தோ சுட்டது என்றுதான் நினைப்பார்கள். ஏற்கெனவே உங்கள் இணையதளத்தில் வெளியான படம் என்றால் அந்தத் தளத்திலேயே உரிமத்தை எழுதி வையுங்கள், அல்லது அனுமதி மின்னஞ்சல் அனுப்பும் வழி இருக்கிறது, தன்னார்வலர் குழு ஒன்று சரிபார்த்துக் கோப்பில் குறிப்புச் சேர்க்கும். மூலக் கோப்பு என்று சொன்னேன், அதில் ஓர் ஆபத்தும் உண்டு: கைப்பேசி பதிந்து வைத்த இட அமைவு எண்கள் படத்தோடு போய் எல்லோருக்கும் தெரியும்படி நிற்கும். வீட்டுக்குள் எடுத்த படம் என்றால் அதை நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

காணொளி ஏற்ற நினைப்பவர்களுக்கு அனுதாபம். உலகமே எம்பி4-ல் எடுக்கிறது, காமன்ஸ் அதை வாங்காது, காப்புரிமைச் (பேடன்ட்) சுமை இல்லாத வடிவம்தான் வேண்டும் என்பதால் வெப்எம் ஆக மாற்றச் சொல்லும். மாற்றித் தரும் கருவி ஒன்றைப் பயனர்களே செய்து வைத்திருக்கிறார்கள், வேலை செய்கிறது, மெதுவாக. கொள்கை புரிகிறது, கைப்பேசிக்காரருக்கு அது பெரிய சுவர் என்பதும் உண்மை.

யாரும் அதிகம் பேசாத ஒன்று, என் கணக்கில் இந்தத் தளத்தின் ஆகப் பெரிய பயன், எஸ்விஜி என்ற கோப்பு வகையில் உள்ள வரைபடங்கள். இதயத்தின் குறுக்குவெட்டு, எரிமலையின் உட்புறம், நீர்ச்சுழற்சி என்று பாடப்புத்தகத் தரத்தில் வரைந்து வைத்திருக்கிறார்கள், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. அதில் உள்ள பெயர்கள் எழுத்தாகவே இருந்தால் மொழிபெயர்ப்புக் கருவியில் திறந்து தமிழில் பெயர்களைத் தட்டச்சு செய்தால் போதும், அதே கோப்புக்குள் தமிழும் சேர்ந்துவிடும், படம் வரையத் தெரிய வேண்டியதில்லை. இடக்கு என்னவென்றால் தமிழ்ச்சொற்கள் நீளம், ஆங்கிலத்தில் நாலெழுத்துக்கு விட்ட இடத்தில் நம் சொல் அம்புக்குறியைத் தாண்டி ஓடும், சுருக்கமான சொல்லைத் தேட வேண்டும் அல்லது எழுத்தளவைக் குறைக்க வேண்டும். ஆசிரியர்கள் இதைக் கண்டுகொண்டால் ஒரு வகுப்புக்கான படங்களை ஒரே மாலையில் தயார் செய்துவிடலாம். உச்சரிப்பு ஒலிப்பதிவுகளும் இப்படித்தான், விக்கிமீடியாவின் அகராதியான விக்சனரிக்கு அவை நேரே போகின்றன.

யாருக்கு இது வேண்டாம் என்றும் சொல்லிவிடலாம். தன் படம் எங்கே போகிறது, யார் அதை வைத்துப் பணம் பண்ணுகிறார்கள் என்பதைக் கட்டுப்படுத்த நினைக்கிற ஒளிப்படக்காரர் இங்கே வரக் கூடாது. பெயர் போட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் நாட்காட்டியில் அச்சடித்து விற்கலாம், உங்களுக்கு ஒன்றும் வராது, அதைத் தடுக்கவும் முடியாது. குடும்பப் படங்களைச் சேமித்து வைக்கும் இடமும் இது இல்லை, கல்விக்குப் பயன்படாதவற்றை எல்லைக்கு வெளியே என்று நீக்குவார்கள். ஏற்றிவிட்டு மனம் மாறினால், ஏழு நாளுக்குள், எங்கும் பயன்படுத்தப்படாமல் இருந்தால், நீங்களே கேட்டு நீக்கிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு மற்றவர்களைப் போல நீங்களும் விவாதப் பக்கத்தில் காரணம் சொல்லிக் காத்திருக்க வேண்டியதுதான், படம் எடுத்தவர் என்பதற்காகத் தனிச் சலுகை எதுவும் கிடையாது.